ஒழுகும் புகைக்குழாய் இணைப்புகள்: கிளாம்பைக் குறை சொல்லிப் பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை நீட்டியும் உயர்த்தியும், கூடுதல் டீசல் டேங்கோ ஹைட்ராலிக் பம்போ பொருத்தியும் லாரிகளை மாற்றியமைப்பது பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் எழுதப்படும்போது இஞ்சினின் சக்தி, சுமை, டயர், பிரேக் ஆகியவை விரிவாகப் பேசப்படுகின்றன. புகைக்குழாய்க்கு அங்கே ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. பட்டறையிலும் நிலைமை வேறல்ல. எல்லா வேலையும் முடிந்து, வண்டியை எடுத்துப்போக உரிமையாளர் வந்து நிற்கும் நேரத்தில்தான் புகைக்குழாயின் நினைவு வருகிறது. கையில் கிடைத்த குழாய்த் துண்டை வெட்டி, இரண்டு கிளாம்பு போட்டு, இடைவெளியை அடைக்கும் பேஸ்டைப் பூசி வண்டியை அனுப்பிவிடுகிறோம். சில வாரங்களில் இணைப்பு ஒழுகத் தொடங்குகிறது. "கிளாம்பு மட்டமானது" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறானது என்பதை விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் கையாலேயே நான் செய்த பிழையிலிருந்து தொடங்குவதே நியாயம். கேபினுக்குப் பின்னால் சேஸிஸ் நீட்டப்பட்ட ஒரு லாரியில், டர்போவிலிருந்து (புகையின் விசையால் சுழன்று இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் உறுப்பு) இறங்கும் குழாய்க்கும் சைலன்சருக்கும் நடுவே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளத்தில் புதுக் குழாய் சேர்க்கப்பட்டிருந்தது. அதன் முன்பக்க இணைப்பு ஒழுகுகிறது என்று ஓட்டுநர் வந்தபோது கிளாம்பை இறுக்கி அனுப்பினேன். மறுமுறை வந்தபோது புதுக் கிளாம்பு போட்டுப் பேஸ்டும் பூசினேன். மூன்றாம் முறை பொறுமையிழந்து இணைப்பைச் சுற்றிலும் வெல்டிங் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இணைப்பு ஒழுகவில்லை, வெல்டிங்கை ஒட்டினாற்போலக் குழாயே விரிசல் விட்டது. நான்காம் முறைதான் கருவிகளை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு சாக்குக் கட்டியை எடுத்தேன்.

வெல்டிங்கை அறுத்தெடுத்து, இணைப்பைப் பழையபடி சொருகி, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இரு குழாய்களுக்கும் குறுக்கே நேராக ஒரு கோடு போட்டேன். குழாயைத் தொங்கவிட்டுத் தாங்கும் ஹேங்கர் சேஸிஸைத் தொடும் இடத்திலும் அப்படியே ஒன்று. சுமையோடு அரை மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது, இணைப்பின் மீதிருந்த கோடு இரண்டாகப் பிரிந்து ஒன்றுக்கொன்று சுண்டுவிரல் நக அகலத்துக்கு விலகி நின்றது. ஹேங்கரில் இருந்த கோடோ இம்மியும் நகரவில்லை. குனிந்து பார்த்தால், எப்போதோ கிழிந்துபோன ஹேங்கர் ரப்பருக்குப் பதிலாக யாரோ ஓர் இரும்புப் பட்டையை வைத்து இறுக்கியிருந்தார்கள். குழாயின் ஒரு முனையை இஞ்சின் ஆட்டுகிறது, மறுமுனையைச் சேஸிஸ் பிடித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் அசைய இடமிருந்தது அந்த ஒரே இணைப்பில்தான். எத்தனை கிளாம்பு மாற்றினால் என்ன?

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை, கணக்குத் தெளிவாக இருக்கிறது. சாதாரண இரும்புக் குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 12 பங்கு நீள்கிறது. 2 மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் 7 மி.மீ.க்கு மேல் நீளும். துருப்பிடிக்காத எஃகில் மிகப் பரவலான 304 ரகம் இன்னும் அதிகமாக, ஏறக்குறைய 17 பங்கு நீள்வதால், அதே குழாய் 10 மி.மீ.யைத் தாண்டிவிடும். துருவுக்குப் பயந்து இந்த விலையுயர்ந்த குழாயை வாங்கிப் போட்டவரின் வண்டியில் இணைப்பு முன்னைவிட விரைவில் தளர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். இத்துடன், ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் இஞ்சின் ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்கிறது; மேடு பள்ளத்தில் சேஸிஸ் முறுக்கிக்கொள்கிறது. நீட்டப்பட்ட சேஸிஸ் இன்னும் அதிகமாக முறுக்கும். தொழிற்சாலையில் செய்த குழாயில் இவ்வளவையும் தாங்குவதற்கு ஏற்பாடு இருந்தது. நாம் அதை வெட்டியபோது அந்த ஏற்பாட்டையும் சேர்த்தே வெட்டிவிட்டோம்.

அந்த லாரிக்கு இறுதியில் செய்தது இவ்வளவுதான். ஹேங்கர்களில் ரப்பரைத் திரும்ப வைத்தோம். டர்போவிலிருந்து இறங்கும் குழாயின் கீழ், இஞ்சினுக்கு அருகில், பெல்லோஸ் எனப்படும் மடிப்புக் குழாயைப் பொருத்தினோம். அதை அடுத்து, பின்பக்கக் குழாயின் எடை பெல்லோஸின் மேல் விழாதபடி ஒரு தாங்கி கொடுத்தோம். பழைய இணைப்புக்கு, U வடிவக் கம்பியால் இறுக்கும் யு-போல்ட் கிளாம்பை விட்டுவிட்டு அகலமான பட்டைக் கிளாம்பு போட்டோம். அதன் பிறகு அந்த இணைப்புக்காக ஸ்பேனரை எடுக்க வேண்டியிருக்கவில்லை. பெல்லோஸ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. அது அசைவை வாங்கிக்கொள்வதற்கான உறுப்பு. கோணலாக வெட்டிய குழாயை வளைத்துச் சேர்ப்பதற்கான சாதனமாக அதைப் பயன்படுத்தக் கூடாது. பொருத்தும்போதே முறுக்கியோ இழுத்தோ வைத்த பெல்லோஸ் விரைவில் மடிப்புகளுக்கு நடுவே கிழிந்துவிடும்.

இனி இணைப்புகளுக்கு வருகிறேன். ஒன்றுக்குள் ஒன்று சொருகும் இணைப்பில் எந்தக் குழாய் உள்ளே போக வேண்டும் என்பதையே பலர் கவனிப்பதில்லை. இஞ்சின் பக்கத்திலிருந்து வரும் குழாய்தான் உள்ளே இருக்க வேண்டும். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயில் மேல் துண்டின் முனை கீழ்த் துண்டின் வாய்க்குள் இறங்கி நிற்கிறதல்லவா, அதே நியாயம்தான் இங்கும். திசை மாறிப்போனால் புகை நேராக இணைப்பின் வாயில் மோதி வெளியேறப் பார்க்கும். இரண்டும் 40 முதல் 50 மி.மீ. வரையாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். இறுக்கம் கிடைப்பதற்காக வெளிக் குழாயில் போடும் வெட்டுகள் அந்த அளவுக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். உள் குழாய் முடியும் இடத்தையும் தாண்டி வெட்டு நீண்டிருந்தால், கிளாம்பை எவ்வளவு முறுக்கினாலும் புகை அந்தக் கீறல் வழியாக வந்துகொண்டேதான் இருக்கும்.

குழாயின் அளவில் ஏற்படும் குழப்பம்தான் இந்த வேலையில் என்னை அதிகமாக அலையவிட்டது. 3 அங்குலம் என்று வாங்கிவரும் குழாய் ஒருவர் கணக்கில் வெளிவிட்டம், இன்னொருவர் கணக்கில் உள்விட்டம். வெளிவிட்டம் 76.2 மி.மீ. உள்ள குழாயின் தகடு 1.5 மி.மீ. தடிமனாக இருந்தால் உள்விட்டம் 73.2 மி.மீ.தான். அதன் மேல் சொருக வேண்டிய குழாயின் உள்விட்டம் 76.2-ஐ விட ஒரு மயிரிழைதான் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளி இருந்தால், அதை மூட வெளிக் குழாயின் சுற்றளவு 6 மி.மீ.க்கு மேல் சுருங்கியாக வேண்டும். வெட்டில்லாத குழாய் அப்படிச் சீராகச் சுருங்காது. எங்காவது ஒரு பக்கம் மடிந்து, புகைக்கு நிரந்தரமாக வழிவிட்டுவிடும். கடையில் சொல்லும் அங்குலத்தை நம்பாமல், வெர்னியர் காலிப்பரை வைத்து இரு முனைகளையும் நாமே அளந்து பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

யு-போல்ட் கிளாம்பு குழாயைச் சுற்றிலும் ஒரே சீராக அழுத்துவதில்லை. இரண்டு மூன்று இடங்களில் நெரித்து, குழாயை முட்டை வடிவமாக்கிவிடுகிறது. குழாயை விழாமல் பிடித்துவைக்க அது போதும், புகையை அடைக்கப் போதாது. அடுத்த முறை கழற்ற முயல்பவர் இரம்பத்தோடுதான் வர வேண்டியிருக்கும். அகலமான பட்டைக் கிளாம்பு வட்டம் முழுவதையும் அணைத்துப் பிடிப்பதால், சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் அதைப் போடுவதே சரி என்பது என் கருத்து.

குழாய் முனைகளில் உள்ள தட்டையான விளிம்புகளைச் சேர்த்துப் போல்ட் போட்டு இறுக்கும் ஃபிளாஞ்ச் இணைப்புகளில் நான் கடைப்பிடிப்பது ஒரே ஒரு சோதனையைத்தான். போல்ட்டை மாட்டுவதற்கு முன்னால் இரண்டு முகங்களும் கையால் தள்ளினாலே நேராகப் பொருந்தி நிற்க வேண்டும். இடைவெளி இருந்தால் போல்ட்டை வைத்து இழுத்துச் சேர்க்கலாம் என்று நினைத்தால், போல்ட்டின் பலம் முழுவதும் குழாயை வளைப்பதிலேயே செலவாகி, நடுவில் வைக்கும் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகட்டை அழுத்துவதற்கு மிச்சமிருக்காது. அந்த இணைப்பு முதல் மேட்டிலேயே பேசத் தொடங்கும். கழற்றிய ஃபிளாஞ்சில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, நேர்விளிம்புப் பட்டையை முகத்தின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். பலமுறை சூடேறி ஆறிய மெல்லிய ஃபிளாஞ்ச் போல்ட் துளைகளின் பக்கம் வளைந்திருப்பது அப்போது தெரியும். வளைந்ததைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். இரண்டு கேஸ்கெட்டுகளை அடுக்கிப் போட்டு அந்த இடைவெளியை நிரப்புபவர்கள் ஒழுகும் இடங்களை ஒன்றிலிருந்து இரண்டாக்கிக் கொடுக்கிறார்கள். போல்ட்டுகளை எதிரெதிர் மூலையாக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. அவசரத்தில் அதைச் செய்வோர்தான் குறைவு.

ஸ்பிரிங் வைத்த போல்ட்டுகளோடு வரும் உருண்டை வாய் இணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இஞ்சின் ஆடும்போது அந்த வாய் கிண்ணத்துக்குள் சுழன்றுகொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். ஒழுகுகிறதே என்று ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும்வரை இறுக்கினால், அந்த இணைப்பு எதற்காக இருக்கிறதோ அந்த வேலையையே நிறுத்திவிடுகிறோம். டர்போவை ஒட்டி வரும், V வடிவப் பள்ளமுள்ள பட்டையான வி-பேண்ட் கிளாம்பில் மட்டும், இறுக்கும்போதே மெல்லிய சுத்தியால் சுற்றிலும் தட்டிக்கொண்டு வர வேண்டும்; தட்டாமல் இறுக்கினால் போல்ட் இறுகிவிட்டதாகக் காட்டும், பட்டையின் எதிர்ப்பக்கம் தொளதொளவென்றுதான் இருக்கும்.

பேஸ்ட் பூசுவதை நான் முழுவதுமாக எதிர்ப்பவனல்லன். சொருகு இணைப்பில், அளவு சரியாக இருந்து, அசைவை வேறோர் இடம் ஏற்றுக்கொண்டிருக்கும்போது, நூலிழை அளவுள்ள இடைவெளியை நிரப்ப அது உதவும். ஆனால் இவ்வகைப் பேஸ்டுகளில் பல சோடியம் சிலிக்கேட்டை அடிப்படையாகக் கொண்டவை. காய்ந்ததும் கல்லைப் போல் கெட்டியாகி, அசைந்தால் உதிர்ந்துவிடும். பூசியவுடன் இஞ்சினை முறுக்காமல் மெதுவாக ஓடவிட்டுக் காயவைக்க வேண்டும் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தும் படிப்பவர் யார்? ரப்பர் போன்ற சிலிக்கோன் பசையை, இஞ்சினிலிருந்து வரும் புகையைச் சேர்த்து வெளியேற்றும் மேனிஃபோல்டின் பக்கம் தடவுவது அதைவிட மோசம். நல்ல சுமையில் டர்போவுக்கு முன்னால் புகையின் வெப்பம் 600 டிகிரியைத் தாண்டக்கூடும். எந்தச் சிலிக்கோன் பசையும் அந்த வெப்பத்தைத் தாங்காது.

கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பதில் காதைவிடக் கண்ணை நம்புவது நல்லது. சத்தம் சேஸிஸ் வழியாகப் பரவி வேறோர் இடத்திலிருந்து வருவதுபோல் ஏமாற்றும். இணைப்பைச் சுற்றி விசிறிபோலப் படர்ந்திருக்கும் கரிக்கோடு ஏமாற்றாது. புகையைச் சுத்தப்படுத்த யூரியா கரைசல் தெளிக்கும் அமைப்புள்ள வண்டிகளில், தெளிப்பானுக்குப் பின்னால் உள்ள இணைப்புகளில் கரிக்குப் பதிலாக உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாகப் படிந்திருக்கும். இன்னும் சந்தேகம் இருந்தால், குழாய் முழுவதும் ஆறிய பிறகு, தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் ஊதும் முனையைப் பின்குழாயில் துணி சுற்றிப் பொருத்தி, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவினால், குமிழி வந்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும். காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று கேட்டு, சூடேறியதும் அடங்கிவிடும் சத்தத்தை, தானே சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். உலோகம் விரிந்து இடைவெளியைச் சற்று நேரம் மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

வெல்டிங் வேண்டிய இடத்தில் வைக்கத்தான் வேண்டும். ஆனால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, வெல்டிங்கின் எர்த் கம்பியை வேலை நடக்கும் இடத்தை ஒட்டியே கவ்வவைத்து, அருகில் ஓடும் பிரேக் காற்றுக் குழாய்களையும் ஒயர்களையும் விலக்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயைப் புகைக்குழாயாகப் பயன்படுத்தி அதில் வெல்டிங் வைப்பவர்கள், அன்றிரவு வரும் குளிர்காய்ச்சலுக்குக் காரணம் அந்தத் துத்தநாகப் புகைதான் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

சிறு ஒழுகலுக்கு இவ்வளவு ஆரவாரமா என்று கேட்பவர்கள் உண்டு. டர்போவுக்கு முன்னால் ஒழுகினால் டர்போவைச் சுழற்ற வேண்டிய சக்தி வெளியே போய்விடுகிறது. இழுவை குறைகிறது, கரும்புகை கூடுகிறது, டீசலும் வீணாகிறது. புகையை அளக்கும் சென்சார்களுக்கு முன்னால் ஒழுகினால், புகையின் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே வெளிக்காற்று அதே இடைவெளி வழியாக உள்ளே உறிஞ்சப்பட்டு, இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்குப் பொய்க்கணக்கு போகிறது. கசியும் வாயின் நேர் எதிரே நைலான் காற்றுக் குழாயோ ஹைட்ராலிக் ஹோஸோ இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

எனக்குப் பெரிய கவலை கேபினைப் பற்றியது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் பிடித்துக்கொள்கிறது. டீசல் இஞ்சின் பெட்ரோல் இஞ்சினைவிட இதைக் குறைவாக வெளியிடுகிறது என்பது உண்மையே. ஆனால் குறைவு என்பதும் இல்லை என்பதும் ஒன்றாகிவிடாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடால் வரும் தலைவலியும் மந்தமும் அசதியும், நீண்ட தூரம் ஓட்டியவருக்கு இயல்பாக வரும் களைப்பைப் போலவே இருப்பதால், ஓட்டுநரே அதைச் சந்தேகிக்க மாட்டார். நான் மேலே சொன்ன லாரியின் ஓட்டுநரும் மூன்று முறை வந்தபோது சத்தத்தைப் பற்றி மட்டுமே முறையிட்டார். நான்காம் முறை நான் கேட்ட பிறகுதான், இஞ்சினை ஓடவிட்டுப் பின் படுக்கையில் படுத்தெழுந்த நாட்களில் தலை பாரமாக இருந்ததாகச் சொன்னார். கேபினின் அடியில், புதிய விளக்குகளுக்காக ஒயர் இழுக்கத் துளைத்த இரண்டு ஓட்டைகள் ரப்பர் வளையம் இல்லாமல் திறந்தே கிடந்தன. ஒழுகும் இணைப்பு அவற்றுக்கு ஒரு முழம் கீழே இருந்தது.

ஆகவே, வண்டியை மாற்றியமைக்கக் கொடுப்பவர்கள், புகைக்குழாய் எந்த வழியாகப் போகும், எந்தெந்த இடத்தில் தாங்கப்படும், எங்கே அசைய விடப்படும் என்பதை வேலை தொடங்கும் முன்பே பட்டறைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கேபின் தரையில் புதிதாகப் போட்ட ஒவ்வொரு துளையையும் அடைத்துக் காட்டச் சொல்லி வாங்க வேண்டும். பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வேலை முடிந்த வண்டியை முதல் நாள் சுமையோடு ஓட்டி, முழுவதும் ஆறவிட்டு, ஃபிளாஞ்ச் போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்த பிறகே கணக்கை முடியுங்கள். முதல் சூட்டில் கேஸ்கெட் அமுங்கி, போல்ட்டுகள் கால் சுற்று கூடுதலாகப் போவதை நீங்களே கையில் உணர்வீர்கள்.

இப்படிக்கு,
லாரிப் பட்டறை நடத்தும் ஒரு வாசகர்